ஐ7 லேப்டாப்பும் ஐ5 டெஸ்க்டாப்பும்: நேம்பிளேட்டில் இல்லாத வாட் கணக்கு

இன்ஜினியரிங் கவுன்சிலிங் முடியும் சமயத்தில் வருஷா வருஷம் எனக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஐ7 லேப்டாப் வாங்கலாமா, ஐ5 டெஸ்க்டாப் வாங்கலாமா, எது வேகம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். ஏழு ஐந்தை விடப் பெரிசு, அப்புறம் என்ன யோசனை என்பதுதான் அந்தப் பதில். இதற்குப் போனில் இரண்டு நிமிடத்தில் விளக்கம் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரண்டு ப்ராசஸர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டுமே இன்டெலின் 13-ஆம் தலைமுறை. ஒன்று லேப்டாப்பில் வரும் ஐ7-1355யூ. இன்னொன்று டெஸ்க்டாப்பில் வரும் ஐ5-13400. கடைக்காரர் இரண்டையும் "10 கோர்" என்றுதான் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஐ7-ல் பெரிய கோர் 2, சின்ன கோர் 8. ஐ5-ல் பெரிய கோர் 6, சின்ன கோர் 4. உச்ச வேகத்தைப் பார்த்தால் ஐ7-க்கு 5 கிகாஹெர்ட்ஸ், ஐ5-க்கு 4.6. இதுவரை பார்த்தால் போட்டி பரவாயில்லை போலத்தான் தெரியும். அடுத்து வாட்டைப் பாருங்கள். தொடர்ந்து ஓடுவதற்கென்று இன்டெல் குறித்திருக்கும் அடிப்படை அளவு ஐ7-க்கு 15 வாட், ஐ5-க்கு 65 வாட். நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது கிகாஹெர்ட்ஸ். வாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கணபதியில் எனக்கு மாமா முறையில் ஒருவர் இருக்கிறார். பவுண்டரிகளுக்கு பேட்டர்ன் செய்து கொடுப்பவர். முன்பெல்லாம் மரத்தில் செதுக்கி, மணல் மோல்டு போட்டு, இரும்பை ஊற்றிப் பார்த்தால்தான் உள்ளே ஓட்டை விழுகிறதா இல்லையா என்று தெரியும். இப்போது ரன்னர், ரைசர் எங்கே வைப்பது என்பதைக் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மோல்டுக்கே போகிறார்கள். உருகிய உலோகம் எப்படிப் பாய்கிறது, எந்த இடம் கடைசியில் இறுகுகிறது என்பதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும் வேலை அது. எல்லா கோர்களையும் மணிக்கணக்கில் பிழிந்து எடுக்கும். மாமா புதிதாக ஒரு மெலிசான ஐ7 லேப்டாப் வாங்கி, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"ஏம் மாப்ளே, பெட்டி மேல ஐ7-ன்னு போட்டிருக்குது. பத்துக் கோருன்னு சொன்னாங்க. கடையில தொட்டுப் பார்த்தப்ப பறந்துச்சு. இப்ப என்னடான்னா, ஆபீஸ்ல கெடக்கற ஐ5 டப்பாவே தேவலைங்கற மாதிரி இருக்குது?"

"மாமா, அது எஸ்2 மோட்டாருங்க. நீங்க எஸ்1 வேலைக்கு ஓட்டறீங்க" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அட, இதைக் கடைக்காரன் சொல்லலையே" என்றார். மேற்கொண்டு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் தொழிலில் இல்லாதவர்களுக்காக: மோட்டார் நேம்பிளேட்டில் ஹெச்.பி., வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றோடு 'டியூட்டி' என்று ஒரு கட்டம் இருக்கும். எஸ்1 என்றால் முழு லோடில் நாள் முழுக்க நிற்காமல் ஓடலாம். எஸ்2 என்றால் குறிப்பிட்ட நிமிடங்கள்தான். அதற்குப் பிறகு நிறுத்தி, ஆறவிட வேண்டும். இரண்டும் 5 ஹெச்.பி.யாகவே இருக்கலாம், ஆனால் எஸ்2 மோட்டாரை வாங்கிவந்து கிணற்றில் நாள் முழுக்க ஓட்டினால் காயில் கருகும். கோயம்புத்தூரில் பம்ப் வாங்கப் போகிறவர் இதைக் கேட்காமல் காசை எடுக்க மாட்டார். அதே மனிதர் முக்கால் லட்சத்துக்கு லேப்டாப் வாங்கும்போது கேட்பதில்லை. கேட்க முடியாதபடி நேம்பிளேட்டை அமைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ப்ராசஸரில் இந்த டியூட்டி எப்படி வேலை செய்கிறது என்றால், இன்டெல் இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது. ஒன்று, தொடர்ந்து எடுத்துக்கொள்ளக்கூடிய வாட். இன்னொன்று, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய வாட். 1355யூ-வுக்கு இரண்டாவது வரம்பு 55 வாட். அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்பதற்கும் ஒரு அளவு உண்டு, வழக்கமாக 28 அல்லது 56 விநாடி. ஸ்டாப்வாட்ச் போல டக்கென்று வெட்டாமல், ஓடும் சராசரியாகக் கணக்கு வைத்துக்கொண்டு கீழே இறக்கும். ஆக முதல் அரை நிமிடம் உங்கள் லேப்டாப் 55 வாட் மெஷின். அதற்கப்புறம் 15, அல்லது லேப்டாப் தயாரித்தவர் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தால் 20, 25 வாட் மெஷின். கடையில் நாம் செய்வது என்ன? பிரவுசர் திறக்கிறோம், எக்செல் திறக்கிறோம், மூடுகிறோம். எல்லாம் ஐந்தாறு விநாடி வேலை, அதுவும் ஒன்றிரண்டு கோர்களில் முடிந்துவிடும். அந்த வேலையில் 5 கிகாஹெர்ட்ஸ் போகும் 1355யூ, 4.6 போகும் 13400-ஐ முந்தினால் ஆச்சரியமில்லை. மாமா கடையில் பார்த்த வேகம் உண்மையான வேகம்தான். அவருடைய சிமுலேஷனுக்குத்தான் அது பொருந்தாது.

சரி, நாலில் ஒரு பங்கு வாட் கொடுத்தால் வேகமும் நாலில் ஒரு பங்காகிவிடுமா? ஆகாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இதற்கும் பம்ப்தான் உதாரணம்.

சென்ட்ரிஃப்யூகல் பம்பின் வேகத்தை வி.எஃப்.டி. வைத்து 80 சதவீதமாகக் குறைத்தால் தண்ணீரின் அளவு 80 சதவீதமாகும், ஹெட் 64 சதவீதமாகும், பவர் 51 சதவீதமாகிவிடும். பவர் வேகத்தின் முப்படி: 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. பம்ப் இன்ஜினியர்கள் இதை அஃபினிட்டி விதி என்பார்கள். ப்ராசஸரில் ட்ரான்சிஸ்டர்கள் மாறி மாறி ஆன், ஆஃப் ஆவதற்குச் செலவாகும் பவர், வோல்டேஜின் இருபடியையும் கிளாக் வேகத்தையும் பெருக்கிய அளவில் போகும். கிளாக்கை ஏற்ற வேண்டுமென்றால் வோல்டேஜையும் ஏற்றியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறும்போது, பவர் கிட்டத்தட்ட வேகத்தின் முப்படியாகிவிடுகிறது. இம்பெல்லருக்கும் சிலிக்கானுக்கும் இயற்பியலில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டு இடத்திலும் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் கரண்ட் பில் எகிறுகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் லேப்டாப்புக்குச் சாதகம். பாதி வாட்டில் சுமார் 80 சதவீத வேகம் கிடைக்கும். 65-க்குப் பதில் 15 வாட் என்றால் பங்கு 0.23, அதன் மூன்றாம் படிமூலம் 0.61. ஒரே மாதிரி சில்லாக இருந்திருந்தால் சுமார் 60 சதவீத வேகம் என்று பொருள். இதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வோல்டேஜை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது, அங்கே போனபின் முப்படிக் கணக்கு கைவிடும். சும்மா இருக்கும்போதே கசியும் கரண்டும் உண்டு. பெரிய கோர் எத்தனை என்பதும் சேரும். ஆனால் மனசுக்குள் ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ள இது போதும். மாமாவின் வேலைக்கு இந்த 60 சதவீதத்தின் அர்த்தம் என்னவென்றால், டெஸ்க்டாப்பில் 8 மணி நேரம் ஆகும் சிமுலேஷன் லேப்டாப்பில் 13 மணி நேரத்தைத் தாண்டும். ராத்திரி 10 மணிக்குப் போட்டுவிட்டுப் போனால் டெஸ்க்டாப்பில் காலை 6 மணிக்கு ரிசல்ட் இருக்கும், ஆள் 8 மணிக்கு வந்ததும் ரைசரை மாற்றலாம். லேப்டாப்பில் 11 மணிக்கு மேல்தான் தெரியும், ஆள் அதுவரை டீ குடித்துக்கொண்டு நிற்பார். வாரத்துக்கு மூன்று பேட்டர்ன் என்றால் அது கூலிக் கணக்கில் தெரிய ஆரம்பித்துவிடும்.

இதே சோதனையைத் தயாரிப்பாளர்களே நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். இன்டெல் ஐ9-13900கே டெஸ்க்டாப் சில்லு. ஐ9-13900எச்எக்ஸ் லேப்டாப் சில்லு. இரண்டிலும் 8 பெரிய கோர், 16 சின்ன கோர், 32 த்ரெட். எச்எக்ஸ் என்பது உண்மையில் டெஸ்க்டாப் சிலிக்கானையே லேப்டாப் போர்டில் ஒட்டும்படி செய்தது. ஆனால் கே-யின் உச்ச வரம்பு 253 வாட், எச்எக்ஸின் உச்ச வரம்பு 157, அடிப்படை 55. கிளாக் கே-வுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் வரை, எச்எக்ஸுக்கு 5.4. சிலிக்கான் ஒன்று, டியூட்டி வேறு. நடுவில் வெறும் 13900எச் என்று இன்னொன்றும் இருக்கிறது, அதில் பெரிய கோர் 6, சின்ன கோர் 8 மட்டும். ஓர் எழுத்து குறைந்தால் பத்து கோர் காணாமல் போகிறது. மூன்றுக்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான்: ஐ9.

ஆப்பிள் செய்தது இன்னும் சுத்தமான சோதனை. 2020 நவம்பரில் எம்1 சில்லை மேக்புக் ஏர், 13 இன்ச் மேக்புக் ப்ரோ, மேக் மினி மூன்றிலும் போட்டார்கள். ஏரில் ஃபேனே கிடையாது. சின்ன வேலைகளில் மூன்றும் ஒன்றுபோல இருந்தன. நீண்ட வேலைகளில் சில நிமிடங்கள் கழித்து ஏர் மட்டும் பின்தங்கியது. ஃபேன் ஒன்றுதான் வித்தியாசம்.

குளிர்ச்சிதான் பவரைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம்மூர் போர்வெல்லை விட நல்ல சாட்சி கிடையாது. நீர்மூழ்கி மோட்டார் ஆறு இன்ச் குழிக்குள் இறங்கும் அளவுக்கு ஒல்லி. அந்த ஒல்லி உடம்பில் அத்தனை ஹெச்.பி. எப்படி வருகிறது? சுற்றிலும் தண்ணீர் ஓடி சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான். தண்ணீர் இறங்கிப்போய் அதே மோட்டார் காற்றில் ஓடினால் ரீவைண்டிங் கடைக்குத்தான் போகும். ப்ராசஸர் கொஞ்சம் புத்திசாலி, எரியாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் நமக்குத் தெரிவதே இல்லை.

இங்கே ஊரின் வெயிலும் கணக்கில் வரும். பல லேப்டாப் சில்லுகள் 100 டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்திருக்கின்றன. அறை 25 டிகிரி என்றால் சூடு வெளியேற 75 டிகிரி இடைவெளி இருக்கிறது. அறை 40 என்றால் 60-தான். அதே ஃபேன், அதே ஹீட்சிங்க், ஆனால் வெளியேற்றக்கூடிய சூடு 20 சதவீதம் குறைந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைக்காரர்கள் இதைப் பெரிதாக உணர மாட்டார்கள். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை மாதம் மொட்டைமாடி ரூமில் உட்கார்ந்து வீடியோ எடிட் செய்பவர்களுக்குத் தெரியும். திருப்பூரில் இன்னொரு சங்கடம் உண்டு: பஞ்சுத் துகள். பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கும் லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், ஹீட்சிங்க் வாயில் ஃபெல்ட் துணி ஒட்டியது போல ஒரு படலம் இருக்கும். டெஸ்க்டாப் என்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ப்ளோயர் அடித்துவிடலாம். லேப்டாப்புக்குப் பத்து ஸ்க்ரூ கழற்ற வேண்டும், யாரும் கழற்றுவதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு லேப்டாப் சில்லு என்றால் இளப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. சரித்திரம் வேறு மாதிரி. 2000-களின் தொடக்கத்தில் டெஸ்க்டாப்பில் பென்டியம் 4 ராஜாங்கம். கிகாஹெர்ட்ஸ் ஏற ஏற சூடும் ஏறியது. 3.8 கிகாஹெர்ட்ஸில் 115 வாட் வந்து நின்றது. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை 2004-ல் இன்டெலே கைவிட்டது, அதற்கடுத்துத் திட்டமிட்டிருந்த டெஜாஸ் என்ற சில்லையும் அதே வருஷம் நிறுத்தியது. இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த குழு லேப்டாப்புக்காக என்று 2003-ல் வேறொன்றைக் கொண்டுவந்திருந்தது: பென்டியம் எம். 1.6 கிகாஹெர்ட்ஸ், 24.5 வாட். ஒரு கிளாக்கில் அதிக வேலை முடிப்பதால், தன்னைவிடப் பல நூறு மெகாஹெர்ட்ஸ் அதிகம் ஓடும் பென்டியம் 4-க்கு ஈடு கொடுத்தது. 2006-ல் வந்த கோர் 2 டூயோ அந்த வம்சம்தான். பென்டியம் 4-ன் வடிவமைப்பு அத்தோடு முடிந்தது. இன்று டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்டெல் சில்லு, அன்றைய லேப்டாப் சில்லின் பேரன், கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம். வாட் கட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளை குடும்பத்தையே எடுத்து நடத்துகிறது.

நம் பக்கத்தில் லேப்டாப் ஜெயித்ததற்கு வேகம் காரணமும் இல்லை. 2011-ல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. பல கிராமத்து வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அடுத்த வருஷமே கோவை வட்டாரத்தில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் கிடையாது. யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப் வெறும் பெட்டி. பேட்டரி உள்ளே இருந்ததுதான் அன்றைக்குப் பெரிய 'பெர்ஃபார்மன்ஸ்'. இன்றும் கரண்ட் பில் கணக்கில் லேப்டாப் மேல். மானிட்டரோடு சேர்த்து 150 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். 40 வாட் லேப்டாப் என்றால் 19. வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் இந்த வித்தியாசம் பல வீடுகளில் உறைக்கும்.

பேர் விஷயத்தில் ஏ.எம்.டி.யும் சளைத்ததில்லை. ரைசன் 5 5600எக்ஸ் டெஸ்க்டாப்புக்கு, 5600எச் லேப்டாப்புக்கு. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். எல்3 கேஷ் மட்டும் டெஸ்க்டாப்பில் 32 எம்.பி., லேப்டாப்பில் 16. அதாவது வாட் ஒரே அளவு கொடுத்தாலும் சில வேலைகளில் சமமாகாது. ரைசன் 5 7520யூ என்று ஒன்று வந்தது. 7000 வரிசை, புத்தம் புதுசு என்று நினைப்போம். உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். மூன்றாவது இலக்கம் 2 என்று இருந்தால் ஜென் 2 என்று ஏ.எம்.டி. விளக்கம் வெளியிட்டது. அந்த விளக்கத்தைத் தேடிப் படித்துவிட்டா அப்பாமார் கடைக்குப் போகிறார்கள்? இன்டெல் இப்போது "ஐ"-யை எடுத்துவிட்டு கோர் அல்ட்ரா 5, 7, 9 என்று வைத்திருக்கிறது. கடைசி எழுத்தைப் பார்க்கும் வேலை மாறவில்லை. யூ, வி என்று முடிந்தால் மெலிசு. எச் என்றால் நடுத்தரம். எச்எக்ஸ் என்றால் கனம். கே என்றாலோ, எழுத்தே இல்லையென்றாலோ பெரும்பாலும் டெஸ்க்டாப்.

பையனோ பெண்ணோ இன்ஜினியரிங் சேர்கிறார் என்றால் என் ஆலோசனை இதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஈ.சி.ஈ. படிப்பவர்களுக்கு முதல் இரண்டு வருஷம் சி, பைத்தான், பிரவுசர். எல்லாம் குட்டி வேலை, 15 வாட் லேப்டாப் தாராளம். மெக்கானிக்கல், சிவில் என்றால் சாலிட்வொர்க்ஸில் மாடல் வரைவது பெரும்பாலும் ஒரே கோரில் ஓடும் வேலை, அதையும் லேப்டாப் சமாளிக்கும். அனாலிசிஸ், ரெண்டரிங், கல்யாண வீடியோ என்று எல்லா கோர்களையும் மணிக்கணக்கில் கேட்கும் வேலைக்குத்தான் எச் வகையாவது வேண்டும், முடிந்தால் டெஸ்க்டாப். ஐ5-ல் இருந்து ஐ7-க்குப் போகச் செலவழிக்கும் கூடுதல் காசில் ரேமைக் கவனிப்பது மேல். 8 ஜி.பி. ஒற்றைக் குச்சியாக இருந்தால் ப்ராசஸருக்கும் மெமரிக்கும் நடுவே பாதிப் பாதைதான் திறந்திருக்கும். டிடிஆர்4-3200-ல் ஒரு சேனல் விநாடிக்கு 25.6 ஜி.பி., இரண்டு சேனல் 51.2 ஜி.பி. சில மெலிசு லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுவதால் பிறகு மாற்றவும் முடியாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாங்கியதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி. சினிபெஞ்ச் ஆர்23 இலவசம். அதில் எல்லா கோர்களுக்கும் உள்ள சோதனை, நாம் எதையும் மாற்றாவிட்டால் 10 நிமிடம் விடாமல் ஓடும். பக்கத்தில் எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்து, 'சிபியு பேக்கேஜ் பவர்' என்ற வரியை மட்டும் பாருங்கள். முதல் 10 விநாடியில் எத்தனை வாட், பத்தாவது நிமிடத்தில் எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்தான் உங்கள் மெஷினின் எஸ்1 ரேட்டிங். சார்ஜர் போட்டு ஒரு தடவை, பேட்டரியில் ஒரு தடவை, முடிந்தால் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. லினக்ஸ்காரர்களுக்கு டர்போஸ்டாட் போதும். இன்னொருவர் போட்ட கீக்பெஞ்ச் மார்க்கை மட்டும் வைத்து லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் ஒப்பிட வேண்டாம். அதன் சோதனைகள் குட்டிக் குட்டியாக, நடுவில் இடைவெளி விட்டு ஓடுபவை. எஸ்2 மோட்டாருக்கு ஏற்ற தேர்வு அது.

கடைசியாக ஒன்று. டெஸ்க்டாப் என்ற பேரில் உள்ளங்கை அகலப் பெட்டிகள் வருகின்றன, ஆபீஸ்களில் இருந்து செகண்ட்ஹேண்டிலும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் ப்ராசஸர் எண் டி என்று முடியும். ஐ5-13400டி என்றால் அடிப்படை 35 வாட், 65 அல்ல. இன்னும் சிலவற்றில் இருப்பது நேராக லேப்டாப் சில்லேதான். அந்தப் பெட்டிகளிலும் இதே 10 நிமிடச் சோதனையை ஓட்டிப் பாருங்கள்.